யாரும் நியமிக்காத சர்வர்: சிறிய அலுவலகத்துக்கு எந்த நெட்வொர்க்?

நான் சில காலம் பார்த்துக்கொண்ட ஒரு சிறிய அலுவலகத்தில் எட்டு கம்ப்யூட்டர்கள் இருந்தன. சர்வர், அதாவது மற்றவற்றுக்கு ஃபைல் கொடுப்பதற்கென்றே ஓடும் கம்ப்யூட்டர், கிடையாது. எட்டையும் ஒரே சுவிட்சில் செருகி, ஒன்றின் ஃபோல்டரை இன்னொன்று திறக்கும்படி ஷேர் செய்து வைத்திருந்தார்கள். அமைத்துக் கொடுத்தவர் "எல்லாம் சமம், இதில் பெரியது சின்னது கிடையாது" என்று சொல்லிவிட்டுப் போயிருந்தார். ஆனால் கணக்கு எழுதுபவரின் கம்ப்யூட்டர் மீது மட்டும் ஒரு மஞ்சள் சீட்டு ஒட்டியிருந்தது: "தயவுசெய்து அணைக்க வேண்டாம்."

சீட்டைப் படித்ததுமே விஷயம் புரிந்துவிட்டது. அங்கே ஒரு சர்வர் இருக்கத்தான் செய்தது. அதற்கு அந்தப் பெயரை யாரும் வைக்கவில்லை, அவ்வளவுதான்.

பியர்-டு-பியர் நெட்வொர்க்கில் ஒவ்வொரு கம்ப்யூட்டரும் கேட்கவும் செய்யும், கொடுக்கவும் செய்யும். விண்டோஸ் உலகில் இதை ஒர்க்குரூப் என்பார்கள். 1992-ல் மைக்ரோசாஃப்ட் 'விண்டோஸ் ஃபார் ஒர்க்குரூப்ஸ்' வெளியிட்டபோது சிறிய அலுவலகங்களுக்கு அது வரமாக இருந்தது. அதற்கு முன் நாலு பேர் ஒரு ஃபைலைப் பகிர வேண்டுமென்றால், நாவெல் நெட்வேர் போன்ற சர்வர் மென்பொருளைத் தனியாக வாங்கி, அதை ஓட்டத் தெரிந்த ஆளையும் பெரும்பாலும் தேட வேண்டியிருந்தது. இன்றும் புதிதாக எதுவும் வாங்காமல் அரை மணி நேரத்தில் ஒர்க்குரூப் அமைத்துவிடலாம். அதன் நல்ல பக்கம் ஏறக்குறைய இவ்வளவுதான். எனவே குறைகளிடம்தான் அதிக நேரம் செலவிடப் போகிறேன். அவற்றை எடைபோட்டால்தான் மற்ற வழிகளுக்குக் கொடுக்கும் பணம் தகுமா என்று சொல்ல முடியும்.

உங்கள் முன்னால் இருக்கும் வழிகள் நான்கு. ஒர்க்குரூப்பையே தொடர்வது. நாஸ் எனப்படும் ஸ்டோரேஜ் பெட்டி ஒன்றை, அல்லது யாரும் உட்காராத ஒரு கம்ப்யூட்டரை, பொதுவில் வைப்பது. முறையான சர்வர் வாங்கி டொமைன், அதாவது எல்லாருடைய கணக்குகளையும் அந்த சர்வரே நிர்வகிக்கும் ஏற்பாடு, அமைப்பது. எல்லாவற்றையும் க்ளவுடில் ஏற்றிவிடுவது.

முதலில் கணக்கு வழக்கு, அதாவது பயனர் கணக்குகள். ஒர்க்குரூப்பில் ஒவ்வொரு கம்ப்யூட்டரும் தனக்கென ஒரு பயனர் பட்டியலை வைத்திருக்கும். அடுத்த கம்ப்யூட்டரில் உங்கள் பெயர் என்ன, பாஸ்வேர்ட் என்ன என்பதெல்லாம் இதற்குத் தெரியாது. பத்துப் பேர், பத்துக் கம்ப்யூட்டர், எல்லாரும் எல்லாவற்றையும் திறக்க வேண்டும் என்றால் முறைப்படி நூறு கணக்குகள் உருவாக்க வேண்டும். ஒருவர் பாஸ்வேர்டை மாற்றினால் பத்து இடத்தில் மாற்ற வேண்டும். ஒருவர் வேலையை விட்டுப் போனால் பத்து இடத்தில் அழிக்க வேண்டும். இதை யாராவது செய்வார்களா? நான் பார்த்ததில்லை. நடப்பது வேறு. ஒரு நாள் எரிச்சலில் யாராவது பாஸ்வேர்ட் பாதுகாப்பையே அணைத்துவிட்டு, ஃபோல்டருக்கு 'எவ்ரிஒன், ஃபுல் கன்ட்ரோல்' கொடுத்துவிடுவார். அதற்குப் பிறகு அந்த அலுவலகத்தில் சம்பளப் பட்டியலும் பிறந்தநாள் படங்களும் ஒரே பாதுகாப்பில்தான் இருக்கும்.

அந்தக் குறுக்கு வழியும் இப்போது அடைபட்டு வருகிறது. 2024-ல் வந்த விண்டோஸ் 11-இன் 24எச்2 பதிப்பில், புரோ வகைக் கம்ப்யூட்டர்கள் ஃபைல் பகிர்வுக்கு டிஜிட்டல் கையொப்பத்தைக் கட்டாயமாகக் கேட்கின்றன. பாஸ்வேர்ட் இல்லாத கெஸ்ட் நுழைவை ஏற்பதில்லை. நேற்று வரை திறந்த ஃபோல்டர் அப்டேட் முடிந்த மறுநாள் திறக்காமல் போகக் காரணம் பெரும்பாலும் இதுதான். மைக்ரோசாஃப்ட் செய்தது பாதுகாப்புக்கு நல்லதே. ஆனால் இருபது வருடமாக ஓடும் ஒரு பழக்கம் உங்களைக் கேட்காமலே மாற்றப்படலாம் என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள். ஹோம்குரூப் ஞாபகமிருக்கிறதா? 2009-ல் விண்டோஸ் 7-உடன் வந்தது. வீட்டுக் கம்ப்யூட்டர்களை ஒரே பாஸ்வேர்டில் இணைத்தது. 2018-ல் விண்டோஸ் 10-இன் 1803 அப்டேட் அதைக் கழற்றிவிட்டது.

அடுத்தது மஞ்சள் சீட்டின் கதை. சர்வர் என்பது இரவு பகல் ஓடுவதற்காகவே இருக்கும் பெட்டி. ஒர்க்குரூப்பில் ஃபைல் கிடைக்க வேண்டுமென்றால், அது இருக்கும் கம்ப்யூட்டர் ஓடிக்கொண்டிருக்க வேண்டும், தூங்கப் போகக்கூடாது, அப்டேட் வந்து ரீஸ்டார்ட் ஆகக்கூடாது, அதன் சொந்தக்காரர் கோபத்தில் பிளக்கைப் பிடுங்கக்கூடாது. அந்தக் கணக்காளர் ஒரு முறை இரண்டு நாள் விடுப்பு எடுத்தார். பழக்க தோஷத்தில் கம்ப்யூட்டரை அணைத்துவிட்டுப் போய்விட்டார். மறுநாள் காலை ஏழு பேர் அவருக்கு மாறி மாறி போன் செய்து, கடைசியில் லாகின் பாஸ்வேர்டைப் போனிலேயே வாங்கினார்கள். அன்று முதல் அந்தப் பாஸ்வேர்ட் எட்டுப் பேருக்கும் தெரியும்.

வேகமும் இதோடு சேர்ந்த பிரச்சினைதான். பத்துப் பேர் ஒரே கம்ப்யூட்டரிலிருந்து ஃபைல் இழுக்கும்போது, அதில் உட்கார்ந்து வேலை செய்பவருக்குத்தான் வலி. அவர் ஏன் மெதுவாக இருக்கிறது என்று புரியாமல் ஆன்டிவைரஸைத் திட்டுவார். விண்டோஸும் இதற்கு ஒரு வேலி போட்டிருக்கிறது. டெஸ்க்டாப் பதிப்புகளில் வெளியிலிருந்து வரும் பகிர்வு இணைப்புகளுக்கு வரம்பு உண்டு: எக்ஸ்பி ஹோமில் 5, எக்ஸ்பி ப்ரொஃபஷனலில் 10, விண்டோஸ் 7 முதல் இன்றைய 11 வரை 20 சாதனங்கள். லேப்டாப், ஸ்கேனர், வரவேற்பறைக் கம்ப்யூட்டர் என்று எண்ணத் தொடங்கினால் இருபது நீங்கள் நினைப்பதைவிடச் சீக்கிரம் வந்துவிடும். வந்த பிறகு இருபத்தோராவது ஆளுக்கு 'இணைக்க முடியவில்லை' என்று வரும். அவர் தன் கேபிளை மாற்றிப் பார்ப்பார், ரவுட்டரை மாற்றிப் பார்ப்பார்.

பேக்கப் பற்றி நிறையச் சொல்லலாம், ஆனால் ஒரு கேள்வி போதும். முக்கியமான ஃபைல்கள் எந்தெந்தக் கம்ப்யூட்டரில் இருக்கின்றன என்று உங்களால் இப்போதே ஒரு தாளில் எழுத முடியுமா? ஒர்க்குரூப் அலுவலகங்களில் பெரும்பாலும் முடியாது. பாதி டெஸ்க்டாப்பில், பாதி 'புதிய ஃபோல்டர் 3'-ல், மீதி யாரோ ஒருவரின் பென் டிரைவில் கிடக்கும். எங்கே இருக்கிறதென்றே தெரியாததை எப்படிப் பிரதி எடுப்பது? அப்புறம், ஒரே கடிதத்தின் மூன்று பிரதிகள் மூன்று கம்ப்யூட்டரில் இருந்தால் எது கடைசி என்று தேதி பார்த்துச் சொல்லலாம் என்பீர்கள். மதர்போர்டு பேட்டரி தீர்ந்து, கடிகாரம் பின்தங்கிய ஒரு கம்ப்யூட்டர் நடுவில் இருந்தால் அந்தத் தேதியையும் நம்ப முடியாது. டொமைனில் இந்தச் சிக்கல் பெரிதாக வராது. எல்லாக் கம்ப்யூட்டரும் சர்வரின் கடிகாரத்தைப் பின்பற்றும், ஐந்து நிமிடத்துக்கு மேல் வித்தியாசம் வந்தால் லாகின் சரிபார்ப்பே தகராறு செய்யும். எரிச்சலான விதிதான், ஆனால் அதனால்தான் கடிகாரங்கள் ஒழுங்காக இருக்கின்றன.

என்னை உண்மையில் பயமுறுத்துவது வேறொன்று. ஃபைல் பகிர வேண்டுமென்றால் ஒவ்வொரு கம்ப்யூட்டரும் 445-ஆம் போர்ட் என்ற நெட்வொர்க் வாசலை மற்றவற்றுக்குத் திறந்து வைக்க வேண்டும். 2017 மே 12 அன்று, ஃபைல்களைப் பூட்டிவைத்துப் பணம் கேட்கும் வான்னாக்ரை என்ற ரான்சம்வேர் பரவியது இந்த வாசல் வழியாகத்தான். பழைய எஸ்எம்பி1 பகிர்வு முறையில் இருந்த ஓட்டையைப் பயன்படுத்தி, யாரும் எதையும் கிளிக் செய்யாமலேயே ஒரு கம்ப்யூட்டரிலிருந்து அடுத்ததற்குத் தாவியது. அதை அடைக்கும் அப்டேட்டை மைக்ரோசாஃப்ட் அதற்கு முந்தைய மார்ச் மாதமே வெளியிட்டிருந்தது. போட்டவர்கள் தப்பித்தார்கள். சர்வர் இருக்கும் இடத்தில் கம்ப்யூட்டர்கள் தங்களுக்குள் பேச வேண்டிய அவசியமே இல்லை, சர்வரோடு மட்டும் பேசினால் போதும். ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு வரும் இணைப்பை ஃபயர்வாலில் மூடிவிடலாம். ஒர்க்குரூப்பில் மூடினால் ஒர்க்குரூப்பே இல்லை. எட்டுப் பேரில் அப்டேட்டைத் தள்ளிப்போடுவதில் யார் கெட்டிக்காரரோ, அவருடைய கம்ப்யூட்டர்தான் மற்ற ஏழின் பாதுகாப்பையும் தீர்மானிக்கிறது.

சமமான கம்ப்யூட்டர்கள் சமமாகவே நீடிப்பதில்லை என்று மஞ்சள் சீட்டில் பார்த்தோம் அல்லவா, அது விண்டோஸின் உள்ளேயே நடந்த கதை. பழைய ஒர்க்குரூப்பில் 'நெட்வொர்க்கில் யார் யார் இருக்கிறார்கள்' என்ற பட்டியலை வைத்திருக்க ஒரு ஆள் வேண்டும். சர்வர் இல்லாததால் கம்ப்யூட்டர்கள் தங்களுக்குள் தேர்தல் வைத்து ஒரு 'மாஸ்டர் பிரௌசரை'த் தேர்ந்தெடுத்தன. ஒவ்வொன்றும் 12 நிமிடத்துக்கு ஒரு முறை 'நான் இருக்கிறேன்' என்று குரல் கொடுக்கும். மூன்று முறை குரல் வராவிட்டால்தான் பட்டியலிலிருந்து பெயரை எடுப்பார்கள். ஆகவே பிளக்கைப் பிடுங்கிய கம்ப்யூட்டரின் பெயர் 36 நிமிடம் வரை திரையில் தெரிந்துகொண்டே இருக்கும். அதைக் கிளிக் செய்து காத்திருந்தவர்களின் வாழ்நாள் நேரத்தைக் கூட்டினால் எவ்வளவு வரும் என்று யோசித்ததுண்டு.

இணையத்தில் பெரிய அளவிலும் இதே கதைதான். 2000-ல் வந்த நுட்டெல்லா என்ற ஃபைல் பகிர்வு நெட்வொர்க்கில் மையமே கிடையாது. ஒருவர் தேடினால் கேள்வி பக்கத்துக் கம்ப்யூட்டருக்கு, அங்கிருந்து அதன் பக்கத்துக்கு என்று பரவும். கூட்டம் சேர்ந்ததும் கேள்விகளைக் கடத்துவதிலேயே இணைப்புகள் திணறின. அதே ஆண்டு நடந்த ஓர் ஆய்வில் பயனர்களில் ஏறக்குறைய 70 சதவீதம் பேர் எந்த ஃபைலையும் பகிரவில்லை என்றும், முதல் ஒரு சதவீதக் கம்ப்யூட்டர்களிடமிருந்தே பதில்களில் கிட்டத்தட்ட பாதி வந்தது என்றும் தெரிந்தது. பின்னால் நுட்டெல்லா மென்பொருளை எழுதியவர்களே 'அல்ட்ராபியர்' என்று வலுவான கம்ப்யூட்டர்களுக்குத் தனி அந்தஸ்து கொடுத்தார்கள்.

ஸ்கைப் இதைவிடத் தெளிவான பாடம். 2003-ல் தொடங்கியபோது பயனர்களின் கம்ப்யூட்டர்களே அதன் நெட்வொர்க். அவற்றில் வேகமான இணைப்பு உள்ளவை 'சூப்பர்நோடு' ஆகி, மற்றவர்களைக் கண்டுபிடித்துக் கொடுத்தன. 2007 ஆகஸ்டில் ஒரு விண்டோஸ் அப்டேட்டுக்குப் பிறகு உலகம் முழுவதும் ஏராளமான கம்ப்யூட்டர்கள் ஏறக்குறைய ஒரே நேரத்தில் ரீஸ்டார்ட் ஆயின. தாங்க வேண்டிய கம்ப்யூட்டர்களே அணைந்திருக்க, லாகின் கேட்டு வந்த வெள்ளம் நெட்வொர்க்கைச் சாய்த்தது. சீராக சுமார் இரண்டு நாள் ஆனது. 2010 டிசம்பரில் விண்டோஸ் ஸ்கைப்பின் ஒரு பதிப்பில் இருந்த பிழையால் சூப்பர்நோடுகள் கூட்டமாக விழுந்தன. 2012-ல் மைக்ரோசாஃப்ட் சூப்பர்நோடு வேலையைப் பயனர்களிடமிருந்து எடுத்து, தன் சொந்த சர்வர்களுக்குக் கொடுத்துவிட்டது. உங்கள் கணக்காளரின் கம்ப்யூட்டருக்கும் அந்த சூப்பர்நோடுகளுக்கும் ஒரே வேலைதான்: சம்பளம் இல்லாத சர்வர்.

சரி, மாற்று வழிகளைப் பார்ப்போம்.

ஒரு பழைய கம்ப்யூட்டரை மூலையில் வைத்து, அதில் யாரும் உட்காராமல், பொது ஃபோல்டரை மட்டும் வைப்பது மிக மலிவு. மஞ்சள் சீட்டுப் பிரச்சினை பெரும்பாலும் தீரும். ஆனால் 20 இணைப்பு வரம்பு அப்படியே இருக்கும், ஹார்ட் டிஸ்க் பழையது, ரீஸ்டார்ட் தொல்லை தொடரும். ஆறு மாதத்துக்குத் தாக்குப்பிடிக்கும் ஏற்பாடு என்று நினைத்துச் செய்யலாம்.

நாஸ் பெட்டிதான் ஐந்து முதல் பதினைந்து பேர் வரை உள்ள இடத்துக்கு என் முதல் தேர்வு. குறைந்த மின்சாரத்தில் நாள் முழுவதும் ஓடும், பயனர் கணக்குகள் ஒரே இடத்தில் இருக்கும், இணைப்பு வரம்பு தொல்லை தராது. ஸ்னாப்ஷாட் வசதி உள்ளதாகப் பார்த்து வாங்குங்கள். ஒருவர் ஃபோல்டரை அழித்தாலோ, ரான்சம்வேர் கம்ப்யூட்டர் வழியாக வந்து ஃபைல்களைப் பூட்டினாலோ, நேற்றைய நிலைக்குத் திரும்ப அதுதான் உதவும். இரண்டு டிஸ்க் போட்டு ரெய்டு 1 வைத்தால் பேக்கப் ஆகிவிட்டது என்று விற்பவர்கள் சிலர் சொல்வார்கள். நம்பாதீர்கள். ஒரு டிஸ்கில் அழித்தது அதே நொடியில் இன்னொன்றிலும் அழியும். டிஸ்க் பழுதானால் மட்டுமே அது காப்பாற்றும். வெளியிலிருந்து அணுக வசதியாக நாஸை நேரடியாக இணையத்துக்குத் திறந்து வைப்பது இன்னொரு தவறு. 2022 ஜனவரியில் டெட்போல்ட் என்ற ரான்சம்வேர் அப்படித் திறந்து கிடந்த க்யூநாப் பெட்டிகளைத்தான் தேடிப் பிடித்துப் பூட்டியது.

சர்வரும் டொமைனும் வைத்தால் மேலே சொன்ன கணக்குச் சிக்கல் அடியோடு போகும். பத்துப் பேருக்கு நூறு கணக்குகள் தேவையில்லை, பத்துப் போதும். யார் எதைத் திறக்கலாம், திரை எப்போது பூட்ட வேண்டும், அப்டேட் எப்போது ஓட வேண்டும் என்பதை ஒரே இடத்தில் எழுதிவிடலாம். விலையும் அதற்கேற்ற மாதிரிதான்: சர்வர் லைசென்ஸ், அதற்கு மேல் பயன்படுத்தும் ஆளுக்கோ சாதனத்துக்கோ தனி லைசென்ஸ், யுபிஎஸ், முடிந்தால் இரண்டாவது டொமைன் கன்ட்ரோலர் (லாகினைச் சரிபார்க்கும் சர்வர்), இவற்றையெல்லாம் பார்க்கத் தெரிந்த ஒருவர். விண்டோஸ் ஹோம் பதிப்புக் கம்ப்யூட்டர்கள் டொமைனில் சேராது என்பதையும் பலர் வாங்கிய பிறகே கண்டுபிடிக்கிறார்கள். லினக்ஸ் பழக்கம் உள்ளவர் கையில் இருந்தால் சாம்பா என்ற இலவச சர்வர் மென்பொருள் ஒரு வழி. 2012-ல் வந்த 4-ஆம் பதிப்பிலிருந்து அது விண்டோஸ் டொமைனின் அடிப்படையான ஆக்டிவ் டைரக்டரி வேலையைச் செய்கிறது. கையில் இல்லையென்றால் இலவசம் என்ற ஒரே காரணத்துக்காக அதில் இறங்க வேண்டாம்.

க்ளவுட் பற்றிச் சுருக்கமாக. ஆட்கள் வெவ்வேறு இடத்தில் இருந்தால் அதுவே பதில், விவாதமே வேண்டாம். மாதாமாதம் தலைக்கு இவ்வளவு என்று கட்ட வேண்டும், இணையம் போனால் வேலை நிற்கும். பெரிய வீடியோ, வரைபட ஃபைல்களோடு மல்லுக்கட்டுபவர்களுக்கு அப்லோடு வேகம் கைகொடுக்காது. ஒரு கம்ப்யூட்டரில் அழித்தது எல்லா இடத்திலும் அழியும், பழைய பிரதி குறிப்பிட்ட நாட்கள் வரைதான் கிடைக்கும்.

பியர்-டு-பியர் ஜெயிக்கும் இடங்களும் இருக்கின்றன, அவற்றை மறைக்கக்கூடாது. இரண்டு மூன்று பேர், ஒரே அறை, ஒரு பிரிண்டர், அவரவர் ஃபைல் அவரவரிடம் என்றால் ஒர்க்குரூப்பே போதும். ஒரே ஆளின் லேப்டாப்பையும் டெஸ்க்டாப்பையும் ஒத்திசைக்க சின்க்திங் அருமையான கருவி. இரண்டு பேர் ஒரே ஃபைலைத் திருத்தத் தொடங்கும் வரை. அதன் பிறகு மோதல் பிரதிகள் முளைக்கும், எது சரி என்று நீங்கள்தான் உட்கார்ந்து பார்க்க வேண்டும். ஒரே பெரிய ஃபைல் பல பேருக்குப் போக வேண்டிய வேலையில் இந்த முறையை அடிக்க ஆளில்லை. விண்டோஸ் 10 முதல் அப்டேட் துண்டுகளைப் பக்கத்துக் கம்ப்யூட்டரிடமிருந்தே வாங்கிக்கொள்ளும் வசதி இருப்பது அதனால்தான். அங்கேயும் துண்டு அசலா என்று உறுதிசெய்வதற்கான தகவல் மைக்ரோசாஃப்டின் சர்வரிலிருந்துதான் வருகிறது. வீடியோ அழைப்பிலும் இரண்டு பேர் நேராகப் பேசுவது நல்லது. ஆறு பேர் நேராக இணைந்தால் 15 இணைப்புகள் ஆகும், ஒவ்வொருவரும் தன் படத்தை ஐந்து முறை அனுப்ப வேண்டும். நடுவில் ஒரு சர்வர் இருந்தால் ஒரு முறை அனுப்பினால் போதும்.

ஆகவே கம்ப்யூட்டர்களின் எண்ணிக்கையை வைத்து மட்டும் முடிவெடுக்க மாட்டேன். மூன்று பேர் ஒரே டேட்டாபேஸில் வேலை செய்யும் இடத்துக்கு, பன்னிரண்டு பேர் பிரிண்டரை மட்டும் பகிரும் இடத்தைவிட சர்வர் அவசியம். மைக்ரோசாஃப்ட் ஆக்சஸ் மாதிரி ஃபைலையே நேராகத் திறந்து எழுதும் டேட்டாபேஸ் என்றால் இன்னும் அவசரம்: எழுதிக்கொண்டிருக்கும்போது வைஃபை ஒரு நொடி அறுந்தாலும் ஃபைல் கெட்டுப்போக வாய்ப்பு உண்டு.

சந்தேகமாக இருந்தால் ஒரு சோதனை செய்து பாருங்கள். வேலை குறைவான ஒரு வாரத்தில், தினம் ஒரு கம்ப்யூட்டர் என்று முன்கூட்டியே சொல்லிவிட்டு ஒரு மணி நேரம் அணைத்து வையுங்கள். யாரும் கண்டுகொள்ளாமல் வாரம் முடிந்தால் இருப்பதையே தொடரலாம். ஏதாவது ஒரு கம்ப்யூட்டருக்கு மட்டும் இரண்டு பேருக்கு மேல் குரல் கொடுத்தால், அதில் இருக்கும் பொது ஃபைல்கள் அந்த மேசையை விட்டு வெளியே போக வேண்டும்.

மாற்றும்போது எங்கள் எட்டுக் கம்ப்யூட்டர் அலுவலகத்தில் செய்ததைச் சொல்கிறேன். நாஸ் வந்ததும் பொது ஃபோல்டரை அதற்கு நகலெடுத்தோம். பழைய ஷேரை அழிக்காமல், படிக்க மட்டும் முடியும்படி ஒரு மாதம் விட்டுவைத்தோம். பழைய இடத்தில் சேமிக்கப் போனவர்களுக்குப் பிழைச்செய்தி வந்தது. அந்த ஒரு மாதத்தில், யாரும் சொல்லாத இரண்டு எக்செல் ஃபைல்களும் ஸ்கேனர் தானாக ஃபைல் போடும் ஒரு ஃபோல்டரும் பழைய கம்ப்யூட்டரையே நம்பி இருந்தது தெரியவந்தது. ஸ்கேனரின் முகவரியை மாற்றிய பிறகுதான் கணக்காளர் மஞ்சள் சீட்டைப் பிய்த்தார்.